ஒரு ஆம் அதிகம்

தண்டர் பே குடும்ப நீதிமன்றம், மூன்றாம் அறை.
ஜன்னலுக்கு வெளியே சுப்பீரியர் ஏரி
பிப்ரவரியின் இரும்புத் தகடு.
என் வேலை
சொன்னதைச் சொன்னபடி சுருக்கெழுத்து இயந்திரத்தில் தட்டுவது.
இருமலை விட்டுவிடலாம்.
இலக்கணத்தைத் தொடக் கூடாது.

சாட்சிக் கூண்டில் பிரோஷ்கா வாமோஷ்.
மீன் பதனிடும் ஆலையில் இரவு வேலை,
விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன.
கணவரின் வழக்கறிஞர் ஹால்டேன்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்:
குடிப்பீர்களா?

அவள் நிமிர்ந்து சொன்னாள்:
"ஐ ஆம் யூஸ்டு டு ட்ரிங்க்."

என் விரல்கள் ஒரு கணம் அந்தரத்தில் நின்றன.

அந்த ஆம் இல்லாவிட்டால்
அது முடிந்த கதை:
ஒரு காலத்தில் குடித்துக்கொண்டிருந்தேன், இப்போது இல்லை.
ஆம் இருந்து,
ட்ரிங்க்கின் வாலில் ஒரு 'இங்'கும் ஒட்டியிருந்தால்
குடித்துக் குடித்துப் பழகிப்போனவள்,
நேற்றும், இன்றும், இந்த நிமிடமும்.
அவள் சொன்னதோ இரண்டும் இல்லை.
வெளியே வந்துவிட்டாளா, உள்ளேதான் இருக்கிறாளா,
நிலைப்படியில் ஒரு கால் தெரிகிறது, அவ்வளவுதான்.
இந்த ஊரிலேயே பிறந்தவர்கள்கூட
கேள்வியாகக் கேட்கும்போது
யூஸ்டின் கடைசி 'டு'வை எழுதுவதா விடுவதா என்று தடுமாறுவார்கள்.
காதில் விழாது.
தாளில் மட்டும் உறுத்தும்.

எட்டு வயது வில்மா எந்த வீட்டில் தூங்குவாள் என்பது
அந்தத் தடுமாற்றத்தில் கிடந்தது.

ஹால்டேன் சிரிக்கவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.
"வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தார்.

எனக்கென்று இருப்பது ஒரே உரிமை:
கையை உயர்த்தி, சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லலாம்.
எனக்கு மிகச் சரியாகக் கேட்டிருந்தது.
பதினெட்டு ஆண்டுகளில் முதல் பொய்.
உயர்த்தினேன்.
"பதிவுக்காக, பதிலை இன்னொரு முறை."

அவள் என் பக்கம் திரும்பி, அன்பாக,
காது மந்தமானவளுக்குச் சொல்வதுபோல்
ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.
ஆம் என்பதை எல்லாவற்றையும்விட உரக்க.
ஆம் போட்டால்தான் வாக்கியம் முழுசு, அதுதான் மரியாதை என்று
எந்த மாலை வகுப்பிலோ யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.
தட்டினேன்.
பக்கம் நாற்பத்தொன்று, வரி ஒன்பது.
இப்போது இரண்டு முறை ஆகிவிட்டது.

நீதிபதி லோஃப்கிரன்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.
குடிப்பீர்களா, குடித்தீர்களா, எதுவும் கேட்கவில்லை.
"கடைசியாக எப்போது?"

"ஏரியில் ஐஸ் உடைந்த நாள்.
போன வருஷம் இல்லை, அதற்கு முந்தி.
வில்மாவுக்கு முன்பல் விழுந்தது. ஒரு டம்ளரில் போட்டு வைத்தேன்.
காலையில் அந்த டம்ளர் காலி.
பல்லையும் சேர்த்து விழுங்கினேனா, கொட்டினேனா,
இன்னும் தெரியாது.
அந்த டம்ளர்தான்."

வினைச்சொற்கள் எல்லாம் தப்பு.
நாள் சரி.

மாலையில் பேருந்து நிறுத்தத்தில் அவள்.
மைனஸ் இருபத்தாறு.
வழக்கில் இருப்பவர்களோடு நான் பேசக் கூடாது,
வானிலைக்குத் தடை இல்லை.
"பயங்கரக் குளிர்" என்றேன்.

தோளைக் குலுக்கினாள். உதட்டில் பனி வெடிப்பு.
"ஐ யூஸ்டு டு இட்."

பழகிவிட்டது என்கிறாள்.
இங்கே ஒரு ஆம் வேண்டும்.
இங்கேதான் வேண்டும்.
அது என் தோள்பையில் இருக்கிறது,
நாற்பத்தொன்றாம் பக்கத்தில்,
ஒன்றுக்கு இரண்டாக.

பேருந்து வந்தது. அவள் ஏறினாள்,
சில்லறையை எண்ணி எண்ணிப் போட்டாள்.
ஓட்டுநர் கதவைத் திறந்தே வைத்து என்னைப் பார்த்தார்.
தலையை அசைத்து
அடுத்ததற்கு நின்றேன்.